சாய்வுக்கோட்டுக்குப் பின்னே

இணைய முகவரியில் தளத்தின் பெயர் முடிந்து, ஒரு சாய்வுக்கோட்டுக்குப் பின்னே வரும் பகுதிக்குப் பாதை என்று பெயர். ஒரே சர்வரில், ஒரே தளப்பெயரில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல செயலிகளை இந்தப் பாதையை வைத்தே பிரித்து ஓட்டலாம். தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்டுபவர்களின் கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஏற்பாடுதான் இது. மின்வாரியத்தின் கட்டணத் தளமான டிஎன்இபிநெட்.ஆர்க் முகவரியில், கணக்குத் தொடங்கியவர்கள் நுழையும் பக்கம் /ஏடபிள்யூபி என்ற பாதையில் அமைந்தது. கணக்கில்லாமல் இணைப்பு எண்ணை மட்டும் கொடுத்துக் கட்டும் பக்கம் /கியூடபிள்யூபி என்ற பாதையில் அமைந்தது. வாரியத்தின் மற்றொரு தளமான டிஎன்இபிஎல்டிடி.ஜிஓவி.இன் முகவரியில் கட்டண நிலவரத்துக்கு /பில்ஸ்டேட்டஸ், மின்நிறுத்த அறிவிப்புக்கு /அவுட்டேஜஸ் என்று பாதைகள் வைக்கப்பட்டன. இவை ரோமன் எழுத்தில் உள்ளவை. இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன.

தாராபுரம் வட்டாரத்தில் நாளைக்கு எங்கெல்லாம் பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட் இருக்காது என்று பார்க்க ஒரு பனியன் கம்பெனி திறக்கும் பக்கமும், அதே கம்பெனி கட்டணத்தைச் சரிபார்க்கத் திறக்கும் பக்கமும் ஒரே தளப்பெயரைத் தாங்கியிருந்தன. இரண்டும் தனித்தனிச் செயலிகள் என்பதை முகவரியின் அமைப்பு மட்டுமே காட்டிக்கொடுத்தது. பின்னால் இருப்பது ஒரே இயந்திரமா, பத்து இயந்திரங்களா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, எதைப் பிரிக்கிறது, எதைப் பிரிக்காமல் விடுகிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முகவரியின் உறுப்புகள்

இணைய முகவரியின் இலக்கணத்தை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. 1994 டிசம்பரில் அது ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணமாக வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986. அதன்படி முதலில் வருவது எந்த நெறிமுறையில் பேச வேண்டும் என்ற குறிப்பு, பெரும்பாலும் எச்டிடிபிஎஸ். அடுத்தது தளப்பெயர். தேவைப்பட்டால் அதையொட்டி ஒரு போர்ட் எண். பிறகு பாதை. பாதைக்கு அப்பால், கேள்விக்குறியை அடுத்து வினவல் வரலாம். எண்குறியை அடுத்து, பக்கத்துக்குள் எந்த இடம் என்ற குறிப்பு வரலாம். கடைசியாகச் சொன்ன குறிப்பு உலாவியோடு நின்றுவிடும், சர்வருக்குப் போகாது.

தளப்பெயரும் பாதையும் எதிரெதிர்த் திசையில் வளர்பவை. திருப்பூர்.நிக்.இன் என்ற மாவட்டத் தளத்தின் பெயரில் முதலில் மாவட்டம், அடுத்து தேசிய தகவலியல் மையம், கடைசியில் நாடு. கடித உறையில் வீட்டு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவது போன்ற வரிசை இது. சாய்வுக்கோட்டைத் தாண்டியதும் வரிசை தலைகீழாகிறது. பெரிய பிரிவு முதலில், அதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. யுனிக்ஸ் கணினிகளில் கோப்புறைகளை எழுதும் முறையிலிருந்து வந்த பழக்கம் இது. எழுத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. தளப்பெயரைச் சிறிய ரோமன் எழுத்தில் எழுதினாலும் பெரிய எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான். பாதையில் இரண்டும் வேறு வேறு என்றே விதி கொள்கிறது.

பாதையைத் தமிழிலும் எழுதலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் தாராபுரம் பற்றிய கட்டுரையின் முகவரி ‘/விக்கி/’ என்பதற்கு ரோமன் எழுத்திலும், அதன் பின் ‘தாராபுரம்’ என்று தமிழ் எழுத்திலும் அமைகிறது. ஆனால் கம்பி வழியாகப் போகும்போது அந்தச் சொல் உருமாறுகிறது. தா, ரா, பு, ர, ம் என்று கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடு கணக்கில் துணைக்கால், உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் ஆவதால் 9. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வீதம் 27. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கமுமாக எழுதப்படுவதால் மொத்தம் 81. தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில சமயம் நீளமான சதவீதக் குறிச் சரம் வந்து விழுவது இதனால்தான்.

பாதையை யார் படிக்கிறார்கள்

உலாவியில் முகவரியைத் தட்டியதும் பல கைகள் மாறி அந்த வேண்டுகோள் சர்வரை அடைகிறது. அந்தக் கைகளில் எதுவும் பாதையைப் பார்ப்பதில்லை.

முதலில் டிஎன்எஸ் என்ற பெயரேடு. அதனிடம் தளப்பெயர் மட்டுமே கொடுக்கப்படுகிறது. அது ஐபி எண்ணைத் திருப்பித் தருகிறது. அடுத்து அந்த எண்ணுள்ள கணினியின் 443ஆம் போர்ட்டோடு இணைப்பு உண்டாகிறது. அதன் பிறகு மறையீட்டுக்கான கைகுலுக்கல். அந்தக் கட்டத்தில் உலாவி தளப்பெயரைச் சொல்கிறது. சர்வர் அந்தப் பெயருக்கு உரிய சான்றிதழைக் காட்டுகிறது. மறையீடு உறுதியான பின்புதான் முதல் முறையாகப் பாதை அனுப்பப்படுகிறது. இடையில் உள்ள இணைய நிறுவனத்துக்கு எந்தத் தளம் என்பது தெரியக்கூடும். அந்தத் தளத்தில் எந்தப் பாதை என்பது தெரியாது.

அஞ்சல் முறையில் இதற்கு நெருங்கிய ஒப்புமை உண்டு. 638656 என்ற எண்ணைக் கொண்டு கடிதம் தாராபுரம் அஞ்சலகம் வரை வந்துவிடும். வழியில் பை பிரிக்கும் யாருக்கும் தெருப்பெயர் வேண்டாம். தாராபுரம் வந்த பிறகு தபால்காரர்தான் தெருவையும் கதவு எண்ணையும் படிக்கிறார். தளப்பெயர் அஞ்சல் குறியீடு. பாதை தெருவும் கதவு எண்ணும். ஆகவே பாதைகளை எப்படிப் பிரிப்பது, எதற்கு என்ன பெயர் வைப்பது என்பதெல்லாம் முழுக்க முழுக்க அந்தச் சர்வரை நடத்துபவரின் கையில் இருக்கிறது. புதிய தளப்பெயர் வேண்டுமானால் பெயரேட்டில் பதிய வேண்டும், அதற்கும் செல்லும்படியான சான்றிதழ் வேண்டும். புதிய பாதைக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சர்வரின் அமைப்புக் கோப்பில் சில வரிகள் போதும்.

பாதை மட்டுமே இருந்த காலம்

வலையின் முதல் ஆண்டுகளில் உலாவி சர்வரிடம் பாதையை மட்டுமே சொல்லும். எந்தத் தளத்தைத் தேடி வந்தது என்று சொல்லாது. ஒரே ஐபி எண்ணில் இரண்டு தளப்பெயர்களை வைத்தால், வந்த வேண்டுகோள் எதற்குரியது என்று சர்வருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே ஒரு கணினியைப் பலர் பகிர வேண்டுமானால் பாதையைப் பகிர்வதே வழக்கம். பல்கலைக்கழகச் சர்வர்களில் ஒவ்வொருவரின் பக்கமும் அலைக்குறியோடு அவரவர் பயனர் பெயரைத் தாங்கி நின்றது இப்படித்தான். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் சேவை, இலவசப் பக்கங்களைப் பேட்டைகளாகவும் கதவு எண்களாகவும் பாதையில் அடுக்கியது.

தமிழ் இணையத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் கொண்டுவந்த தன்னார்வ முயற்சி. தனக்கென டொமைன் வாங்குவதற்கு முன்பு தமிழ்.நெட் தளத்தின் கீழ் ஒரு பாதையில்தான் அது வாழ்ந்தது. பழைய மின்னூல்களின் முகப்பில் அந்த முகவரியைக் காணலாம்.

1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறை நிலைமையை மாற்றியது. ஒவ்வொரு வேண்டுகோளும் ‘ஹோஸ்ட்’ என்ற வரியில் தளப்பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அது விதித்தது. அதன் பிறகு ஒரே ஐபி எண்ணில் நூறு தளங்கள் இருக்க முடிந்தது. மறையீட்டுக் கைகுலுக்கலில் தளப்பெயரைச் சொல்லும் வசதி 2003இல் வரையறுக்கப்பட்டது. அது எல்லா உலாவிகளிலும் பரவப் பல ஆண்டுகள் ஆயின. பாதையால் பிரிப்பது வலையின் முதல் ஆண்டுகளில் கட்டாயமாக இருந்தது. இன்று அது ஒரு தெரிவு.

மூன்று வழிகள்

தாராபுரம் வட்டாரத்தில் ஒரு நூற்பாலை தன் அலுவலகத்துக்காக மூன்று செயலிகளை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சு வரவையும் நூல் இருப்பையும் பார்க்க ஒன்று. ஷிப்ட் வருகைப் பதிவுக்கு ஒன்று. பில் போட ஒன்று. மூன்றையும் மூன்று பேர் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிரல்மொழியில் எழுதியிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே சர்வர். /நூல், /வருகை, /பில் என்று பாதை கொடுக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி கோப்புறை. சர்வரில் ஒரு மூலக் கோப்புறை இருக்கும். அதற்குள் ‘பில்’ என்று ஓர் உட்கோப்புறையை உண்டாக்கி நிரல்களைக் கொண்டுபோய் வைத்தால், /பில் என்ற பாதை தானாகவே வந்துவிடும். பிஎச்பி மொழியில் எழுதிய செயலிகளுக்கு இன்றும் இதுதான் எளிய முறை. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்ஸைத் தனிக் கோப்புறையில் நிறுவுகிறவர்கள் செய்வதும் இதுதான். பாதையும் கோப்புறையும் ஒன்றே என்பது இதன் வசதி. அதுவே இதன் ஆபத்தும்: காப்புநகலாக எடுத்து மறந்துபோய் அங்கேயே விட்ட கோப்புறையும் உலகத்துக்குத் திறந்த பாதையாகிவிடும்.

இரண்டாவது வழி செயலிக் கொள்கலன். ஜாவா மொழிச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வர் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு, 1999இல் வெளிவந்தது. செயலி முழுவதையும் ‘வார்’ என்ற ஒரே பொதியாகக் கட்டி ‘வெப்ஆப்ஸ்’ கோப்புறையில் போட்டால், பொதியின் பெயரே பாதையாகிறது. ‘ரூட்’ என்று பெயரிட்ட பொதி மட்டும் பாதை எதுவும் இல்லாத தலைவாசலில் நிற்கும். ஒரே ஜாவா இயக்கத்துக்குள் எத்தனையோ செயலிகள் இப்படி அருகருகே ஓடலாம். மின்வாரியத் தளத்தின் /பில்ஸ்டேட்டஸ், /அவுட்டேஜஸ் பக்கங்கள் ‘எக்ஸ்எச்டிஎம்எல்’ என்ற நீட்டிப்போடு முடிந்தன. ஜாவா வழிச் செயலிகளில் பரவலாகக் காணப்படும் வடிவம் அது.

மூன்றாவது வழி ரிவர்ஸ் ப்ராக்ஸி. இன்று அதிகம் கையாளப்படுவது. இதில் ஒவ்வொரு செயலியும் தனி நிரலாக, வெளியுலகுக்குத் தெரியாத தனிப் போர்ட்டில் ஓடுகிறது. நூல் செயலி 3000இல், வருகைச் செயலி 5000இல், பில் செயலி 8080இல் என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று போர்ட்டும் 127.0.0.1 என்ற அகமுகவரியில் மட்டும் காது கொடுக்கும். வெளியே 443இல் நிற்பது ஒரே ஒரு நிரல். மில் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் போன்றது அது. பஞ்சு லாரியைக் குடோனுக்கும், ஆள் வேனை டைம் ஆபீசுக்கும், பில் கேட்டு வந்தவரை அக்கவுண்ட்ஸ் அறைக்கும் அனுப்புவது அதன் வேலை. இதற்கு மிகுதியாகப் பயன்படுபவை 1995இல் தொடங்கிய அப்பாச்சியும், இகோர் சிசோயேவ் எழுதி 2004இல் பொதுவில் வந்த என்ஜின்எக்ஸும். செயலிகள் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் ப்ராக்ஸிக்குக் கவலையில்லை. மறையீட்டுச் சான்றிதழும் வாசலில் ஒன்று இருந்தால் போதும்.

பெயர் பொருத்தும் விதி

வாட்ச்மேன் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதில்தான் பல தவறுகள் பிறக்கின்றன. என்ஜின்எக்ஸ், வந்த பாதையின் தொடக்கம் எந்த விதியோடு மிக நீளமாகப் பொருந்துகிறதோ அந்த விதியை எடுத்துக்கொள்கிறது. விதிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டுள்ளன என்பது இதில் பொருட்டல்ல. அப்பாச்சியின் ப்ராக்ஸி விதிகள் வரிசைப்படி சரிபார்க்கப்படுகின்றன. முதலில் பொருந்தியது வெல்லும். அதனால் அப்பாச்சியில் /பில்/பழையது என்ற விதியை /பில் என்பதற்கு முன்னால் எழுத வேண்டும்; என்ஜின்எக்ஸில் எங்கே எழுதினாலும் சரி.

இன்னொரு பொறி சொல்லின் எல்லை. என்ஜின்எக்ஸில் ‘/நூல்’ என்று எழுதிய விதி, ‘/நூல்’ என்று தொடங்கும் எதையும் பிடித்துக்கொள்ளும். பின்னொரு நாள் நிர்வாகம் ‘/நூல்வரவு’ என்று ஒரு பாதையை எங்காவது அறிவித்து, அதற்குத் தனி விதி எழுத மறந்தால், அந்த வேண்டுகோளும் நூல் செயலிக்கே போகும். முடிவில் சாய்வுக்கோடு சேர்த்து ‘/நூல்/’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. அப்போது சாய்வுக்கோடு இல்லாமல் ‘/நூல்’ என்று வருபவரை என்ஜின்எக்ஸ் தானே ‘/நூல்/’ முகவரிக்குத் திருப்பி அனுப்பும்.

செயலிக்கு அனுப்பும்போது ‘/நூல்’ போன்ற முன்னொட்டை வைத்தே அனுப்புவதா, வெட்டி அனுப்புவதா என்பதும் ஒரு சாய்வுக்கோட்டில் அடங்கியிருக்கிறது. ‘/நூல்/’ விதியில், செயலியின் அகமுகவரி 3000 என்ற போர்ட் எண்ணோடு முடிந்தால், செயலிக்கு ‘/நூல்/இருப்பு’ என்று முழுப் பாதையும் போகும். 3000ஐ அடுத்து ஒரு சாய்வுக்கோடு இருந்தால், முன்னொட்டு வெட்டப்பட்டு ‘/இருப்பு’ மட்டும் போகும். அமைப்புக் கோப்பில் ஒரே ஓர் எழுத்து வேறுபாட்டால் முழுச் செயலியும் ‘பக்கம் இல்லை’ என்று சொல்லத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

தன் இடம் தெரியாத செயலி

பெரும்பாலான செயலிகள் தலைவாசலில் தாம் மட்டுமே இருப்பதாக எண்ணி எழுதப்பட்டவை. முன்னொட்டை வெட்டி அனுப்பினால் அந்த எண்ணம் கலையாமல் இருக்கும். சிக்கல் திரும்பும் வழியில் தொடங்கும். வருகைச் செயலி தன் பக்கத்தில் ‘/உள்நுழை’ என்று ஓர் இணைப்பைத் தருகிறது. உலாவிக்கு அது தளத்தின் தலைவாசலிலிருந்து கணக்கிடும் முகவரி. அங்கே ‘/உள்நுழை’ என்று ஒன்று இல்லை. இருக்க வேண்டியது ‘/வருகை/உள்நுழை’. பக்கம் திறக்கிறது, ஆனால் வண்ணமில்லை, படமில்லை, பட்டனை அழுத்தினால் 404 என்று வருகிறது. பாதையின் கீழ் முதன்முதலில் ஒரு செயலியை நிறுவுகிறவர்கள் பெரும்பாலும் காணும் காட்சி இது.

தீர்வு செயலிக்கு அதன் இடத்தைச் சொல்லிவிடுவது. இந்த யோசனை வலையின் இளமைக் காலத்திலேயே தோன்றியது. சிஜிஐ என்ற பழைய இடைமுகம், வந்த பாதையை இரண்டாகப் பிரித்துச் செயலியிடம் கொடுத்தது: செயலி அமர்ந்திருக்கும் இடம் வரையிலான பகுதி ஒன்று, அதற்குப் பின் வரும் பகுதி மற்றொன்று. முதலாவதைச் சேர்த்து இணைப்புகளை எழுதினால், செயலியை எங்கே தூக்கி வைத்தாலும் இணைப்பு அறாது. 2004இல் ஆர்எஃப்சி 3875 ஆக ஆவணமான இந்தப் பிரிவினை பைத்தானின் டபிள்யூஎஸ்ஜிஐ முறையிலும் அப்படியே தொடர்கிறது. ஜாங்கோ, ரெயில்ஸ் போன்ற சட்டகங்களில் முன்னொட்டைச் சொல்ல ஒரு தனி அமைப்பு உண்டு. உலாவியிலேயே ஓடும் ரியாக்ட் போன்ற செயலிகளில் கட்டமைக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்; பிறகு மாற்றினால் மறுபடி கட்ட வேண்டும்.

சார்பு முகவரிகளை எழுதித் தப்பலாம் என்றால் அங்கும் கடைசிச் சாய்வுக்கோடு வந்து நிற்கிறது. ‘/வருகை/’ பக்கத்தில் ‘பட்டியல்’ என்று மட்டும் எழுதிய இணைப்பு ‘/வருகை/பட்டியல்’ ஆகும். அதே பக்கம் ‘/வருகை’ என்ற முகவரியில் திறந்தால், அதே இணைப்பு ‘/பட்டியல்’ ஆகிவிடும். உலாவி கடைசிச் சாய்வுக்கோடு வரையிலான பகுதியைத்தான் கோப்புறையாகக் கொள்கிறது.

குக்கிகளின் மோதல்

எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. உள்நுழைந்தவர் யார் என்பதை நினைவில் வைக்க, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். சர்வர் ஒரு சிறிய சீட்டை உலாவியிடம் கொடுக்கிறது. உலாவி ஒவ்வொரு முறையும் அதைக் காட்டுகிறது. சீட்டில் எந்தப் பாதைக்கு உரியது என்றும் எழுதலாம். டாம்கேட் தன் அமர்வுக் குக்கியில் அந்தந்தச் செயலியின் பாதையைத் தானே எழுதிவிடுகிறது. பிஎச்பி இயல்பாக ‘/’ என்று, அதாவது தளம் முழுவதற்கும் உரியதாக எழுதுகிறது. குக்கியின் பெயரையும் எல்லாச் செயலிக்கும் ஒன்றாகவே வைக்கிறது.

மில்லின் வருகைச் செயலியும் பில் செயலியும் வெவ்வேறு மொழியில் இல்லாமல் இரண்டுமே பிஎச்பியில் எழுதப்பட்டு, அமர்வுகளைத் தனித்தனி இடத்தில் சேமித்து, உள்நுழையும்போது பொறுப்பான செயலிகள் செய்வதுபோல் அமர்வு எண்ணைப் புதுப்பிக்கின்றன என்று கொள்வோம். வருகையில் நுழைந்தவர் அடுத்து பில்லில் நுழைந்தால், இரண்டாவது சீட்டு முதலாவதன் மேல் விழுந்து அதை அழிக்கும். திரும்பி வருகைக்குப் போனால் மறுபடி கடவுச்சொல் கேட்கும். இதைக் கடவுச்சொல் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவதுண்டு. குக்கியின் பெயரையும் பாதையையும் செயலிக்கொன்றாக மாற்றினால் தீரும்.

சுவரில்லாத அறைகள்

குக்கியில் பாதையை எழுதுவதால் மோதல் தீரும், பாதுகாப்பு வராது. குக்கிகளுக்கான 2011ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6265 இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. காரணம் உலாவியின் அடிப்படை விதியில் இருக்கிறது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோது, ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் பக்கத்தைப் படிக்கக்கூடாது என்று ஒரு வேலி போடப்பட்டது. நெறிமுறை, தளப்பெயர், போர்ட் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே மூலம். ஒன்று மாறினாலும் வேற்று மூலம். இந்தக் கணக்கில் பாதைக்கு இடமில்லை.

ஆகவே /வருகை செயலியில் யாரோ ஒருவர் கெட்ட நிரலைப் புகுத்த முடிந்தால், அது பார்ப்பவரின் உலாவியில் இருந்துகொண்டு /பில் பக்கங்களை அவர் பெயரிலேயே திறக்கலாம், படிக்கலாம், படிவங்களை நிரப்பி அனுப்பலாம். உலாவியில் செயலிகள் சேமிக்கும் உள்ளூர்த் தரவும் எல்லாப் பாதைகளுக்கும் பொது. வாசலில் இருப்பவர் வழியைப் பிரித்துவிட்டார். அறைகளுக்கு இடையே சுவர் எழுப்பப்படவில்லை. ஒரே தளப்பெயரின் கீழ் உள்ள செயலிகளில் மிகப் பலவீனமானது எதுவோ, அதன் பலமே மற்றவற்றின் பலமும்.

சர்வரின் உள்ளும் பகிர்வு உண்டு. மூன்று செயலிகளும் ஒரே நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாத முடிவில் பில் செயலி நினைவகத்தை விழுங்கினால், லினக்ஸ் இயங்குதளம் நெருக்கடியைத் தீர்க்க ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். பலியாவது குற்றமே செய்யாத வருகைச் செயலியாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனிப் பயனர் கணக்கில் ஓட்டுவது, நினைவக உச்சவரம்பு வைப்பது, 2013இல் வந்த டாக்கர் போன்ற கொள்கலன்களில் அடைப்பது ஆகியவை இந்த உட்பகிர்வுக்கு மருந்து. உலாவியில் இல்லாத சுவரை இவற்றால் எழுப்ப முடியாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எண்கள் உதவும். 404 வந்தால் பாதை பொருந்தவில்லை. 502 வந்தால் வாட்ச்மேன் நலமாக இருக்கிறார்; அவர் அனுப்பிய அறையில் ஆள் இல்லை, அல்லது சொன்ன பதில் புரியவில்லை. 504 வந்தால் அறைக்கு அனுப்பியும் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. இணைப்பே கிடைக்காவிட்டால் வாட்ச்மேனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தளப்பெயரா, பாதையா

பாதைக்கு மாற்று துணை டொமைன். நூல், வருகை, பில் மூன்றுக்கும் தளப்பெயரின் முன்னால் ஒரு சொல் சேர்த்துத் தனித்தனிப் பெயர் கொடுக்கலாம். அப்போது ஒவ்வொரு செயலியும் தான் தலைவாசலில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளலாம்; முன்னொட்டுத் தொல்லைகள் இல்லை; உலாவியின் வேலியும் கிடைக்கும். முன்பு ஒவ்வொரு பெயருக்கும் சான்றிதழ் வாங்கும் செலவு தடையாக இருந்தது. 2015 டிசம்பரில் பொதுவுக்குத் திறந்த லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாக்கிவிட்டது. ஆகவே எதைத் தேர்வது என்பதைச் செலவு இன்று தீர்மானிப்பதில்லை. யாருக்கு யார் பொறுப்பு என்பதே தீர்மானிக்கிறது.

இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். விக்கிப்பீடியாவில் மொழி தளப்பெயரில் இருக்கிறது. கட்டுரை பாதையில் இருக்கிறது. தமிழுக்கு ஒரு பெயர், மலையாளத்துக்கு ஒரு பெயர். திருப்பூர் மாவட்டத் தளத்தில் மொழி பாதையில் இருக்கிறது. தமிழ்ப் பக்கங்கள் /டிஏ என்ற பாதையின் கீழ் வருகின்றன. ஒரே பிரிவினையை இருவரும் எதிர்மாறாகச் செய்தது போலத் தோன்றும். ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தனிப் பயனர் சமூகம், தனி நிர்வாகிகள், தனி விதிகள். மாவட்டத் தளத்தின் ஆங்கிலப் பக்கத்துக்கும் தமிழ்ப் பக்கத்துக்கும் பொறுப்பு ஒரே மாவட்ட நிர்வாகம்தான். பொறுப்பு மாறும் இடத்தில் தளப்பெயர் மாறுகிறது. பொறுப்பு ஒன்றாக இருந்து வேலை மட்டும் மாறும் இடத்தில் பாதை மாறுகிறது.

கிட்ஹப் நிறுவனம் பயனர்களின் வலைப்பக்கங்களை வழங்கும் முறையும் இப்படியே. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு துணை டொமைன். அவருடைய ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பாதை. 2013 ஏப்ரலில் அந்தப் பக்கங்கள் அனைத்தையும் தன் முதன்மைத் தளப்பெயரிலிருந்து பிரித்து, கிட்ஹப்.ஐஓ என்ற தனி டொமைனுக்கு நிறுவனம் மாற்றியது. முன்பின் அறியாதவர்கள் எழுதிய நிரலை, உள்நுழைவு நடக்கும் தளத்தோடு ஒரே பெயரில் வைக்கக்கூடாது என்பதே காரணம்.

நூற்பாலையின் மூன்று செயலிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். மூன்றையும் ஒரே ஆள் பராமரித்து, ஒரே ஊழியர்கள் பயன்படுத்துவதாக இருந்தால் பாதைகள் போதும். பில் செயலியில் வாடிக்கையாளர்களும் நுழைய வேண்டும், அல்லது வருகைச் செயலி வெளியாரிடம் வாங்கி உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஓடுகிறது என்றால், அதற்குத் தனித் தளப்பெயர் கொடுப்பதே முறை.

பெயர் வைக்கும் முறை

பாதைக்குப் பெயர் வைப்பது இலவசம் என்பதால் கவனமில்லாமல் வைக்கப்படுகிறது. செயலியை எழுதிய மொழி, வாங்கிய கம்பெனி, பதிப்பு எண், அப்போதைய துறைப்பெயர் எல்லாம் பாதையில் ஏறிவிடுகின்றன. பட்டா, சிட்டா பார்க்கும் தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் பாதை ‘ஈசர்வீசஸ்நியூ’ என்று தொடங்குகிறது. என்றோ ஒரு நாள் புதிதாக இருந்தது இன்றும் பெயரில் புதிதாகவே இருக்கிறது. அதை மாற்றாமல் வைத்திருப்பதும் சரிதான்: அச்சிட்ட படிவங்களிலும், இ-சேவை மையங்களின் குறிப்பேடுகளிலும், கைப்பேசிப் புத்தகக்குறிகளிலும் ஏறிய முகவரியை மாற்றினால் அத்தனை இணைப்பும் அறுந்துபோகும். நல்ல முகவரி மாறாது என்று பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே. அவர் தந்த அறிவுரை எளியது: காலப்போக்கில் மாறக்கூடிய எதையும் பெயரில் வைக்கக்கூடாது. மாற்றியே தீர வேண்டுமானால், பழைய பாதைக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தைப் பழைய இடத்தில் விட்டுவைக்க வேண்டும்.

ப்ராக்ஸியின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. நூல் செயலியை வேறு மொழியில் திருப்பி எழுதலாம். வேறு போர்ட்டுக்கு மாற்றலாம். சர்வர் போதாமல் போனால் அதை மட்டும் இன்னொரு கணினிக்கு எடுத்துச் செல்லலாம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாறும். /நூல் என்று பழகியவர்களுக்கு எதுவும் மாறாது. அஞ்சல் முகவரியிலும் இதுவே நடந்தது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம் ஈரோடு மாவட்டத்திலிருந்து அதற்குள் வந்தது. ஆட்சியர் அலுவலகம் மாறியது. கோப்புகள் போகும் ஊர் மாறியது. அஞ்சல் குறியீட்டில் ஈரோட்டு வட்டாரத்துக்கு உரிய 638 என்ற தொடக்கம் மாறவில்லை. 638656 என்று எழுதிய கடிதம் முன்போலவே தாராபுரம் வந்து சேர்கிறது.